கம்பிவடம்

சித்தப்பாவின் ஜீப்பால் எனக்கு முதலில் கிடைத்தது வெட்கம்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். வேலணைத் தீவில், சரவணைக்குப் போகும் தெருவிலிருந்து உள்ளே இறங்குகிற ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு இருந்தது. அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் அவரைக் காணலாம். வீட்டில் அம்மாவும் நானும், அப்பாவின் தம்பியான சித்தப்பாவும் இருந்தோம். பக்கத்து வளவில் பெரியப்பா. அவர்தான் ஊர்ப் பிள்ளையார் கோயிலின் தர்மகர்த்தா. அவருக்கு முன் அவருடைய தகப்பன், அதற்கு முன் அவருடைய பாட்டன் என்று, பிள்ளையாரே எங்கள் குடும்பத்தில் ஒருவர் என்பதுபோல வந்த உரிமை அது.

சித்தப்பா கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். ஏதோ துறைமுகத்தில் ஏணியிலிருந்து விழுந்து வலது தோள் விலகி, சரியாகப் பொருந்தாமல், கையைக் காதுக்கு மேலே தூக்க ஏலாதவராக ஊர் திரும்பினார். கப்பல்காரர் கொடுத்ததைக் கொண்டு காணி வாங்குவார், கலியாணம் செய்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்திருக்க, அவர் ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்து வந்தார். கூரை கன்வஸ், கதவு இல்லை, எந்தக் காலத்திலோ பச்சை நிறம். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், மலையும் ஏறும் என்று பெருமையாகச் சொன்னார். எங்கள் தீவில் மலை இல்லை என்பதை அம்மா அவருக்கு நினைவூட்டினார்.

மலை இல்லாவிட்டாலும் சேறு இருந்தது. நயினாதீவுத் திருவிழாவுக்கு என்னையும் என் வகுப்புப் பிள்ளைகள் சிலரையும் ஏற்றிக்கொண்டு புங்குடுதீவுப் பக்கம் போன நாள், தெருவால் சுற்றிப் போவானேன் என்று கடல் வற்றிக் கிடந்த வெளியால் ஜீப்பை விட்டார். மேலே காய்ந்து வெடித்திருந்த தரை, உள்ளே களியாக இருந்தது. ஜீப் ஒரு பெருமூச்சு விட்டு அச்சுவரைக்கும் இறங்கியது. சித்தப்பா ஒற்றைத் தோளால் ஸ்டியறிங்கோடு மல்லுக்கட்டினார். அது அசையவில்லை. கடைசியில் தெருவால் வந்த மாட்டுவண்டிக்காரர் இரண்டு மாடுகளையும் அவிழ்த்துக் கொண்டுவந்து பூட்டி எங்களை இழுத்தார். நாங்கள் சேறு அப்பிய சட்டைகளோடு வீடு திரும்பினோம். அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் என்னைக் கண்டால் பெடியன்கள் "ஹை, ஹை" என்று மாடு கலைக்கத் தொடங்கினார்கள்.

சித்தப்பாவுக்கு அதைச் சொன்னேன். அவருக்கும் சுட்டிருக்க வேண்டும். சில கிழமைகளில் திருகோணமலைக்குப் போனார். அங்கே உடைத்த மீன்பிடிக் கப்பலொன்றிலிருந்து எடுத்த வின்ச் ஒன்றோடும், வேறெங்கோ பழுதாகிக் கிடந்த லொறியின் பவர் ஸ்டியறிங் சாமான்களோடும் திரும்பி வந்தார். லொறியிலிருந்து அவற்றை இறக்கிய நாலு பேரும் நாரி நோக இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிலத்தில் இருந்தார்கள். வின்ச் என்பது ஒரு பெரிய இரும்பு நூற்கட்டைதான். அதில் நூலுக்குப் பதில் கம்பிக்கயிறு சுற்றியிருக்கும். அதைச் சுழற்றுவது கரண்ட் அல்ல, எண்ணெய். எஞ்சின் ஓடும்போது பெல்ட் ஒன்று பம்பைச் சுற்றும், பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ளும், அந்த அழுத்தம் வின்சைச் சுற்றும். அதே பம்பின் எண்ணெயே ஸ்டியறிங்கையும் இலேசாக்கும். ஒரு தடியை இந்தப் பக்கம் தள்ளினால் ஸ்டியறிங், அந்தப் பக்கம் தள்ளினால் வின்ச். இவ்வளவையும் சித்தப்பா அம்மாவுக்கு விளங்கப்படுத்தினார். அம்மா குசினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பம்பிலை தண்ணியும் வருமோ? கிணத்தடியிலை வைச்சால் உதவும்," என்றார்.

இந்த வேலைக்குச் சித்தப்பாவுக்கு உதவியாக வந்தவர் செல்லன். எங்கள் வளவுப் பனைகளில் ஏறிக் கள்ளுக்குப் பாளை சீவுகிறவர். ஊரின் மேற்கே பனங்கூடலுக்குள் அவருடைய ஆட்களின் வீடுகள் இருந்தன. காலையும் மாலையும் மரம் ஏறி இறங்கிவிட்டு, இடைப்பட்ட நேரம் முழுக்க ஜீப்படியில் நிற்பார். சித்தப்பாவின் தோளால் ஆகாததெல்லாம் செல்லனின் தோளில் நடந்தது. வின்சை முன் பம்பருக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் நிற்க, சித்தப்பா மல்லாந்து படுத்து ஆணி முடுக்கினார். ஓட்டை பொருந்தவில்லை. இறக்கினார்கள். ஓட்டையைப் பெருப்பித்தார்கள். திரும்பத் தூக்கினார்கள். லொறியின் ஸ்டியறிங் தண்டு ஜீப்புக்கு நீளம் கூடிப் போயிற்று. அதை வெட்டி ஒட்டுவதற்கு யாழ்ப்பாணத்துக்கும் வீட்டுக்குமாகச் சித்தப்பா அலைந்தார். முதல் தரம் எஞ்சினை ஓடவிட்டபோது றப்பர் குழாய் கழன்று, அவர்கள் இரண்டு பேரையும் தலை முதல் கால்வரை எண்ணெயால் குளிப்பாட்டியது. எங்கள் வீட்டு ஆண்களையெல்லாம் 'நயினார்' என்றே கூப்பிடுகிற செல்லன் முகத்தை வழித்துக்கொண்டு சொன்னார்:

"நயினார், இந்த மிசினை என்ர பனையிலை பூட்டிவிடுங்கோ. பேந்து நான் ஏறத் தேவையில்லை. அது என்னை ஏத்தி இறக்கும்."

சித்தப்பா எண்ணெய்க்குள் இருந்தபடி கண்ணீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. கப்பலைப் பற்றி எங்களிடம் சொல்லாத கதைகளையெல்லாம் அவர் செல்லனிடம் சொல்லியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் எல்லாம் பொருந்தியது. கம்பிக்கயிற்றை வின்சில் சுற்றுகிற வேலை செல்லனுக்கு. கையில் சாக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு, கயிறு ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், வரிவரியாக அணைத்துச் சுற்றினார். அப்படியும் ஒரு கம்பிப் பிசிர் உள்ளங்கையைக் கிழித்தது. மண்ணை அள்ளி அப்பிக்கொண்டு வேலையை முடித்தார். பிறகு சித்தப்பா என்னைத் தூக்கிச் சாரதிக் கதிரையில் இருத்தினார்.

"ஒரு விரலாலை திருப்பு பாப்பம்."

சுட்டுவிரலை வைத்துத் திருப்பினேன். நின்ற இடத்திலேயே அந்தப் பெரிய ரயர்கள் இரண்டும் மண்ணை அரைத்துக்கொண்டு திரும்பின. வேலியால் பார்த்துக்கொண்டு நின்ற பெடியன்கள் வாயைப் பிளந்தார்கள். அதன் பிறகு ஒருவரும் மாடு கலைக்கவில்லை. புங்குடுதீவுக்குச் சீமெந்து ஏற்றிப்போன லொறியொன்று கடலுக்குக் குறுக்கே போன தாம்போதித் தெருவின் ஓரத்தால் சரிந்து கடலுக்குள் சில்லை விட்டபோது, சித்தப்பாவின் ஜீப் போய் அதை இழுத்து மேலே ஏற்றியது. சுருவில் பக்கம் வள்ளங்களைக் கரையேற்றவும் கூப்பிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவதை விட்டு ஜீப்பில் போனேன். வழியில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு போனேன்.

பெரியப்பாவின் காதுக்கு அந்த லொறிக் கதை போயிற்று.

அந்த வருடம் பெரியப்பாவுக்குத் தேர் ஒரு தலையிடியாக இருந்தது. ஊர்ப் பெடியன்களில் பாதிப் பேர் வேலையென்று கொழும்புக்கும், காணியென்று வன்னிக்கும், கப்பலென்று கடலுக்கும் போய்விட்டார்கள். முந்திய வருடமே வடம் பிடிக்க ஆள் காணாமல் தேர் மேற்கு வீதி மணலில் நெடுநேரம் நின்றிருந்தது. இந்த முறை கொடியேற்றத்துக்கு முன், ஒரு நாள் பின்னேரம், பனங்கூடலிலிருந்து ஏழெட்டுப் பேர் பெரியப்பா வீட்டுப் படலை வாசலுக்கு வந்தார்கள். செல்லன்தான் முன்னால் நின்றார். நான் பெரியப்பாவின் மகளோடு விறாந்தையில் கல்லை எறிந்து பிடித்துக் கொக்கான் வெட்டி விளையாடிக்கொண்டிருந்தேன்.

"நயினார், போன முறை தேர் நிண்டதை நாங்களும் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். மனம் கேக்கேல்லை," என்றார் செல்லன். "இந்த முறை எங்கடை பெடியளும் முழுகி, வேட்டி கட்டிக்கொண்டு வருவினம். வடத்திலை ஒரு பக்கத்தைத் தாங்கோ. கடைசித் துண்டெண்டாலும் காணும்."

பெரியப்பா கோபிக்கவில்லை. அவர் கோபிக்கிறவர் அல்லர். சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே தலையை ஆட்டினார்.

"ஓம், பாப்பம்," என்றார்.

அவர்கள் வீதிவரைக்கும் வரலாம், தேரைப் பார்க்கலாம், தேங்காய் உடைக்கலாம், ஆனால் வடத்தைத் தொடக்கூடாது. நாலாம் வாய்ப்பாடு மாதிரி இது எனக்குத் தெரிந்திருந்தது. யார் சொல்லித் தந்தார்கள் என்று கேட்டால் சொல்ல ஏலாது. சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் உரத்துச் சொன்னதாக நினைவில்லை. சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். தம்பியின் மிசினைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். லொறி எவ்வளவு பாரம், சீமெந்து எத்தனை மூட்டை என்றெல்லாம் கேட்டார். அவர் சித்தப்பாவின் வேலை எதையும் அதுவரை ஒரு பொருட்டாக எடுத்ததில்லை. ஜீப்பைப் "பழைய இரும்பு" என்றுதான் சொல்வார். சித்தப்பா உற்சாகமாகிவிட்டார். தடி, பம்ப், எண்ணெய் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் பெரியப்பா மெல்லக் கேட்டார்:

"அப்ப, தேரை இழுக்குமோ?"

சித்தப்பா உடனே விளங்கிக்கொண்டாரா, இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொஞ்சம் யோசித்தார். ஆனால் அவர் யோசித்தது பாரத்தைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

"இழுக்கும் அண்ணை. ஏன் இழுக்காது? ஜீப்பை முன்னாலை நிப்பாட்டி, பின்பக்கத்தைப் பனையோடை சங்கிலி போட்டுக் கட்டினால், தேர் தன்ரபாட்டிலை வரும். கம்பி முடிய, ஜீப்பைப் பின்னுக்கு எடுத்துத் திரும்பக் கட்டலாம்."

"வடத்துக்குப் பதிலாக் கம்பி. அதுவும் ஒரு வடந்தானே."

"ஓம், அதுவும் வடந்தான்."

குசினிக்குள் அம்மா சட்டி கழுவிக்கொண்டிருந்தார். சட்டியைப் பார்த்தபடி, ஆனால் எங்களுக்குக் கேட்கும்படி, "ஆள் காணாட்டிக் கேட்டு வந்த ஆக்களைச் சேர்க்கலாந்தானே," என்றார். பெரியப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை. சித்தப்பா தேத்தண்ணிப் பேணியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

குருக்களிடமும் கேட்டார்கள். அவர் நல்ல மனுசன், எல்லாரோடும் ஒத்துப்போகிறவர். ஆகமத்தில் இதைப் பற்றி விலக்கு ஒன்றும் இல்லை என்றார். ஜீப்பைப் பற்றி ஆகமத்தில் ஒன்றுமே இல்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

தேரன்று விடிய ஜீப்பைக் கழுவி, திருநீறு பூசி, முன் விளக்குகளுக்குப் பொட்டு வைத்து, வாழைக்குட்டி கட்டினார்கள். சித்தப்பா வெளியே நின்று தடியைப் பிடிக்க வேண்டும். உள்ளே ஒருவர் இருந்து ஸ்டியறிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும், அவர் படியில் ஏறி நின்று பெடலை மிதித்து ஜீப்பைப் பின்னுக்கு எடுக்கும்போது சொல்கிற பக்கம் திருப்ப வேண்டும். அதற்கு அவர் என்னைத் தெரிந்தெடுத்தார். பட்டுப் பாவாடையோடு சாரதிக் கதிரையில், இரண்டு தலையணைகளின் மேல் நான் இருந்தேன். பெண் பிள்ளைகள் வடம் பிடிப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. நானோ வடத்துக்கே சாரதியாக இருந்தேன். பெரியப்பாவின் மகள் என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வின்ச் முன்பக்கம் இருந்ததால் ஜீப் தேரைப் பார்த்தபடி நின்றது. எனக்கு நேரே பிள்ளையார். சித்தப்பா தடியைத் தள்ளினார். எஞ்சின் ஒரு தரம் முக்கியது. கம்பி இறுகி, கிண்ணென்று ஒரு சத்தம் கேட்டது. மரச் சில்லுகள் முனகின. பிள்ளையார் ஆடியசைந்து என்னை நோக்கி வரத் தொடங்கினார்.

கிழக்கு வீதியும் தெற்கு வீதியும் ஒரு குறையும் இல்லாமல் போயின. நாதஸ்வரக்காரர் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் வாசிக்கப் பார்த்துக் களைத்துப்போனார். வழக்கமாக வடம் பிடிக்கிற எங்கள் ஆட்கள் கம்பியின் இரண்டு பக்கமும் நடந்து வந்தார்கள். கம்பியைப் பிடித்தால் கை கிழியும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். ஆகவே கையை என்ன செய்வதென்று தெரியாமல் சிலர் கட்டிக்கொண்டும், சிலர் சால்வையைத் திருகிக்கொண்டும் நடந்தார்கள். அரோகரா ஒன்றிரண்டு எழுந்து எஞ்சின் புகைக்குள் அமுங்கிப்போனது. ஆனாலும் தேர் போனது. பெரியப்பாவின் முகம் தெளிவாக இருந்தது.

மேற்கு வீதியில்தான் அவர்கள் நின்றார்கள். முழுகிய தலையோடு, வெளுத்த வேட்டியோடு, இருபது முப்பது பெடியன்களும் பெரியவர்களும் வேலியோரமாக வரிசையாக நின்றார்கள். செல்லனும் நின்றார். நெற்றி நிறையத் திருநீறு. அவர்கள் வடம் பிடிக்க வந்திருந்தார்கள். பெரியப்பா அவர்களுக்கு 'இல்லை' என்று சொல்லவில்லை அல்லவா! "பாப்பம்" என்றுதானே சொன்னவர். இப்போது அவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் செல்லனுக்குக் கை காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீதியின் நடுவில், மணல் கூடின இடத்தில் தேர் வந்தபோது 'புஸ்' என்று ஒரு சத்தம். வின்சுக்குப் போகிற குழாய் மூட்டில் வெடித்து எண்ணெய் பீச்சியடித்தது. கம்பி நின்றது. தேர் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. முட்டுக்கட்டைக்காரர் ஓடிப்போய்ச் சில்லுக்குக் கட்டை வைத்தார்கள். சித்தப்பா குழாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பாராமலே, நாளாந்தம் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார்:

"செல்லன்! பெரிய ஸ்பனரைக் கொண்டு கெதியா வா!"

செல்லன் அந்தக் கூப்பாட்டுக்குப் பழகியவர். வரிசையை விட்டு ஓடி வந்தார். ஜீப்பின் பின்னால் ஸ்பனர் பெட்டி எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியும். ஸ்பனரை எடுத்துக் கொடுத்தார். எண்ணெயைத் தன் சால்வையால் துடைத்தார். இதுவரைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜீப் சித்தப்பாவுடையது. ஜீப்பைத் தொடலாம்.

"கம்பி இறுகி நிக்குது. அதை ஒருக்காத் தளர்த்தினால்தான் மூட்டைக் கழட்டலாம். பிடி அதை," என்றார் சித்தப்பா.

செல்லன் கம்பியில் கையை வைத்தார்.

"டேய்! கம்பியிலை கை வையாதை!"

யார் கத்தியது என்று தெரியவில்லை. பெரியப்பாவாக இருக்கவில்லை. அவர் கத்துகிறவர் அல்லர். ஆனால் கத்தியவரை அவர் அடக்கவும் இல்லை. கம்பியின் மறு நுனி தேரில் கொழுவியிருந்தது. மேளமும் நாதஸ்வரமும் நின்றுவிட்டன. எஞ்சின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

செல்லன் கையை எடுக்கவில்லை. அழுத்திப் பிடிக்கவும் இல்லை. கம்பியில் கை பட்டபடி இருக்கச் சித்தப்பாவைப் பார்த்தார். நான் அவர்களுக்கு மிகக் கிட்ட இருந்தேன். எனக்கு எல்லாம் கேட்டது.

"நயினார், பிடிக்கட்டோ?"

மெல்லிய குரலில், வேலை நேரத்தில் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். சித்தப்பாவின் முகத்தில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. அவர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா தேரைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். சித்தப்பா கம்பியைப் பார்த்தார். செல்லனை மட்டும் அவர் பார்க்கவில்லை.

"விடு, செல்லன். நான் பாக்கிறன்," என்றார்.

"ஓம்," என்றார் செல்லன்.

கையை எடுத்தார். எண்ணெய் பட்ட சால்வையை மடித்துத் தோளில் போட்டார். வரிசைக்குத் திரும்பிப் போகவில்லை. வேலிக் கடப்பால் ஏறி வயலுக்குள் இறங்கினார். பின்னால் ஒருவர், பிறகு இன்னொருவர் என்று அந்த வரிசை முழுக்க இறங்கிப் போயிற்று. வெள்ளை வேட்டிகள் வயல் வரம்பால் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பசி வந்திருந்தது. செல்லன் நின்று உதவியிருந்தால் கெதியாக முடிந்திருக்கும், ஏன் இப்படி இடைநடுவில் விட்டுவிட்டுப் போகிறான் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அன்றைக்கு நான் நினைத்தது அதுதான். கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை.

சித்தப்பா தன் நோக்காட்டுத் தோளால் கம்பியைத் தனியே தளர்த்தினார். எங்கள் ஆட்களில் ஒருவர் உதவிக்கு வந்தார். அவருக்கு எதைப் பிடிப்பதென்று தெரியவில்லை. வேட்டித் தலைப்பைக் கிழித்து, பழைய ரியூப் றப்பரால் சுற்றி, மூட்டை எப்படியோ கட்டினார் சித்தப்பா. எண்ணெய் ஒழுக ஒழுகத் தேர் மேற்கு வீதியைக் கடந்து, வடக்கு வீதியையும் கடந்து, உச்சி வெய்யில் சாய்ந்த பிறகு இருப்பிடத்துக்கு வந்தது. பெரியப்பா ஜீப்புக்கு மாலை போட்டார். பிறகு என்னைத் தூக்கி இறக்கி, "பிள்ளையாரைக் கொண்டு வந்து சேர்த்தது என்ர பிள்ளைதான்," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். நான் பூரித்துப்போனேன். சித்தப்பாவைத் தேடினேன். அவர் கேணியடியில் முழங்கை வரைக்கும் மண் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் இதை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். கலியாண வீடுகளில், தேத்தண்ணி வருகிற இடைவெளியில், "எங்கடை ஊர்த் தேரை ஜீப் இழுத்த கதை தெரியுமோ" என்று யாராவது தொடங்குவார்கள். குருக்களின் ஆகமம் வரும், நாதஸ்வரக்காரரின் பாடு வரும், தலையணை மேல் இருந்த என் பட்டுப் பாவாடை வரும், குழாய் வெடித்ததும் வரும். குழாய் வெடித்ததற்கும் தேர் வந்து சேர்ந்ததற்கும் நடுவில் ஒன்றும் வராது. நானும் அந்தக் கதையை அந்த விதமாகவே பல வருடம், பல இடத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

தேருக்கு அடுத்த நாள் காலை செல்லன் சீவ வரவில்லை. வெய்யில் ஏறும்வரை சித்தப்பா படலையைப் பார்த்தபடி ஜீப்பின் படியில் இருந்தார். பிறகு குசினிக்குள் வந்து அம்மாவிடம் கேட்டு, தேர்ப் பிரசாதமாக வந்த மோதகத்தையும் பொங்கலையும் பெரிய பாத்திரமொன்றில் நிறைத்து, வாழையிலையால் மூடி என்னிடம் தந்தார்.

"செல்லன் வீட்டிலை குடுத்திட்டு வா."

"நீங்களும் வாங்கோவன்."

"நீ போ, பிள்ளை."

அம்மா அவரைப் பார்த்தார்.

பனங்கூடலுக்குள் செல்லனின் வீடு முதல் வீடு. அவர் முற்றத்தில் குந்தியிருந்து பாளைக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். வழக்கத்தில் என்னைக் கண்டால் எழும்புவார். சால்வையைத் தோளிலிருந்து எடுத்துக் கைக்குள் வைத்துக்கொள்வார். பத்து வயதுப் பிள்ளையான என்னைச் "சின்ன நாச்சியார்" என்றும், "நீங்கள்" என்றும் சொல்வார். என் அப்பாவிலும் மூத்தவரான அவரை நான் பெயர் சொல்லி, "நீ" என்று சொல்வேன். அன்றும் அப்படித்தான் சொன்னேன்.

"செல்லன், இதை உன்னட்டைக் குடுக்கச் சொல்லிச் சித்தப்பா தந்துவிட்டவர்."

அவர் எழும்பவில்லை. கத்தியின் கூரைப் பெருவிரலால் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும்.

"நீர் அதைத் திருப்பிக் கொண்டு போம், பிள்ளை," என்றார். "எங்கடை வீட்டிலை எல்லாரும் சாப்பிட்டாச்சு எண்டு சொல்லும்."

உள்ளேயிருந்து யாரோ வாசல் மட்டும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அடுப்பு மூட்டிய புகை ஒன்றும் அந்த வீட்டில் இருக்கவில்லை.

நான் வீட்டுக்கு ஓடினேன். பாத்திரம் கனத்தது. அதைவிட அந்தச் சொல் கனத்தது. 'நீர்' என்பது எங்கள் ஊரில் சரிசமமான ஆட்கள் தங்களுக்குள் சொல்வது, 'நீங்கள்' என்பதிலும் ஒரு படி கீழே. அழுகை முட்ட ஜீப்படிக்குப் போய் நின்றேன். சித்தப்பா எழுந்து வந்தார்.

"செல்லன் என்னை 'நீர்' எண்டு சொன்னவன்! நீர் கொண்டு போம் எண்டு!"

பெரியப்பா வீட்டுக்குக் கேட்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். சித்தப்பா இப்போதே போய் அவனைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கையிலிருந்த பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேறை என்ன சொன்னவர்?" என்று கேட்டார்.

'சொன்னவன்' என்றல்ல, 'சொன்னவர்' என்றார். எனக்கு அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"வேறை ஒண்டும் சொல்லேல்லை. எல்லாரும் சாப்பிட்டாச்சாம். பசியில்லையாக்கும்."

சித்தப்பா வெளியே போனார். பனங்கூடல் பக்கம் போகவில்லை. கடற்கரைப் பக்கம் போனார். நியாயம் கேட்க ஒருவரும் இல்லாமல் நான் ஜீப்பின் படியில் இருந்தேன். வாழையிலையைத் தூக்கிப் பார்த்தேன். மோதகம் இன்னும் மெத்தென்று இருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தேன், பிறகு இன்னொன்று. பசியில்லாத ஆட்களுக்காக ஏன் வீணாக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, காலை ஆட்டியபடி, நானே இருந்து சாப்பிட்டேன்.